பார்ஸலில் வந்த முட்டையும் ஊர் அடைக்கோழியும்



கோழி வளர்ப்பு ஏழைக் குடித்தனத்துக்கு ஏற்ற உபதொழில் என்பதைக் கிராமவாசிகளுக்கு எடுத்துச் சொல்லவேண்டிய அவசியமில்லை. ஒரு செண்டு நிலமும் இல்லாதவர், புழக்கடையில் நான்கு கோழிகளை வைத்துக்கொண்டு உப்பு, எண்ணெய்ச் செலவைச் சரிக்கட்டிக்கொள்வது கண்கூடு. இப்பிரசங்கத்தின் விஷயம் அதுவன்று. உயர்ந்த ஜாதிக் கோழி முட்டைகளைத் தூரத்து ஊர்களிலிருந்து தபாலிலோ பார்ஸலிலோ தருவித்து அடைவைப்பவர்களுக்கு நேரும் நஷ்டம் யாது, அதில் தடுக்கக்கூடிய பகுதி எவ்வளவு, தடுக்கமுடியாத பகுதி ஒருவர் தலையிலேயே விழாதபடி சங்கம் அதைத் தாங்குவது எவ்வாறு என்பதே விஷயமாகும்.

வழக்கமாக நடப்பது இது. ஒருவர் கடன்பட்டு இருபத்துநான்கு முட்டைகள் தருவிக்கிறார். பெட்டி மாலையில் வந்து சேர்கிறது. அன்றிரவே அடைக்கோழியின் கீழ் முட்டைகளை வைத்துவிடுகிறார். இருபத்தோராம் நாள் மூன்று குஞ்சுகள் பொரிகின்றன, எஞ்சியவை கூமுட்டை. வாங்கியவர், பழைய முட்டைகளைத் தள்ளிவிட்டதாக அனுப்பியவரைக் குறை கூறுகிறார். அனுப்பியவர், அடைவைக்கத் தெரியவில்லை என்று வாங்கியவரைக் குறை கூறுகிறார். வழியில் பெட்டியைத் தூக்கி எறிந்தவரை ஒருவரும் அறியார். மறுமுறை முட்டை தருவிக்கும் பேச்சையே அவ்வூரில் எவரும் எடுப்பதில்லை. போனது ஒரு பெட்டி முட்டை மட்டுமன்று, ஊராரின் தைரியமும் கூடவே போய்விடுகிறது.

முட்டை உறங்கும் விதம்

கருக்கூடிய முட்டை, கோழி இடும்பொழுதே உயிர் தொடங்கிய பொருள். தாயின் வயிற்றில் ஓடு கட்டும் ஒரு நாட்பொழுதுக்குள்ளாகவே கரு சிறிது வளர்ந்துவிடுகிறது. முட்டை வெளிவந்து குளிர்ந்ததும் அவ்வளர்ச்சி நின்று கரு உறங்குகிறது. அவ்வுறக்கத்துக்குப் பாரன்ஹீட் 68 அல்லது 70 டிகிரிக்குக் (செல்ஷியஸ் 20 அல்லது 21) குறைந்த குளிர்ச்சி வேண்டும். அதற்கு மேற்பட்டும் அடைச்சூட்டுக்குக் குறைந்தும் உள்ள வெப்பத்தில் கரு நன்கு வளரவும் மாட்டாது, நன்கு உறங்கவும் மாட்டாது. மெல்ல மெல்ல நலிந்து மடியும்.

தமிழ்நாட்டுச் சமவெளிகளில் சித்திரை, வைகாசி மாதங்களில் இரவிலும் இந்தக் குளிர்ச்சி கிடைப்பதில்லை. மூடிய வண்டிக்குள் வெப்பம் இன்னும் மிகும். ஆகையால் கோடையில் வரும் பெட்டியில் ஒரு முட்டையும் உடையாதிருந்தாலும், உள்ளிருக்கும் கரு வழியிலேயே கெட்டிருத்தல் கூடும். கார்த்திகை முதல் தை வரையுள்ள மாதங்களே முட்டை தருவிக்கத் தகுந்தவை. இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே நஷ்டத்தில் ஒரு பெரும்பகுதி குறையும்.

அடுத்தது முட்டையின் வயது. இட்ட ஏழு நாட்களுக்குள் அடையேறும் முட்டையே நம்பத்தக்கது. அதன்பின் ஒவ்வொரு நாளும் பொரிக்கும் சக்தி குறைந்துகொண்டே போகும். மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் கடக்நாத் என்னும் கருங்கோழி, 2018-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற ஜாதி. அத்தனை தூரத்திலிருந்து ஒரு பெட்டி வந்துசேர நான்கு நாட்கள் ஆகுமென்று வைத்துக்கொண்டால், வந்தபின் இளைப்பாற ஒரு நாள் வேண்டும். எஞ்சுவது இரண்டே நாள். அதாவது, அனுப்புகிறவர் இரண்டு நாட்களுக்குள் இட்ட முட்டைகளையே பெட்டியில் வைக்கவேண்டும். பத்து நாள் சேர்த்துவைத்து அனுப்பும் முட்டை, விலை குறைந்ததாயினும் நஷ்டமே.

அனுப்புவோரிடம் கேட்கவேண்டியவை

பணம் அனுப்புமுன் சில விஷயங்களைக் கேட்டறிதல் வேண்டும். முட்டை இட்ட தேதி ஒவ்வொன்றின்மேலும் பென்சிலால் குறிக்கப்பட்டிருக்குமா? பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவலாவது மந்தையில் உண்டா? மந்தை புல்லோரம் என்னும் நோய்க்குப் பரீட்சிக்கப்பட்டதா? இந்நோய் தாயிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வந்து, பொரித்த சில நாட்களில் கழிச்சலால் கூட்டம் கூட்டமாகக் கொல்வது. ஆதலால் இக்கேள்வியை விட்டுவிடலாகாது. முட்டைகளை ஏற்றுக்கொள்வது தபாலா, ரயில் பார்ஸலா, தனியார் கூரியரா என்பதையும், உடைந்தவற்றுக்கு யார் பொறுப்பு என்பதையும் முன்னதாகவே எழுத்தில் தீர்த்துக்கொள்ளுதல் நலம்.

கட்டும் முறையும் முக்கியம். ஒவ்வொரு முட்டையும் தனித்தனியே காகிதத்திலோ பஞ்சிலோ சுற்றப்பட்டு, பருத்த முனை மேலாகவும் கூரிய முனை கீழாகவும் நிறுத்தப்பட வேண்டும். இடைவெளிகளை உமியாலோ மரச்சீவலாலோ நிரப்பி, பெட்டியை அசைத்தால் சத்தம் கேளாதபடி இறுக்க வேண்டும்.

முட்டைக்குப் பதிலாகக் குஞ்சுகளையே தருவித்தால் என்ன என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. குஞ்சு பொரிக்குமுன் மஞ்சட்கருவின் எச்சத்தைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்வதால், இரண்டு மூன்று நாள்வரை தீனியும் நீருமின்றி உயிர்தாங்கும். இதனாலேயே அமெரிக்க ஐக்கிய நாட்டுத் தபால் இலாகா 1918-ஆம் ஆண்டு முதல் ஒருநாட் குஞ்சுகளைத் தபாலில் ஏற்றுக்கொண்டது. ஓரிரு நாளில் வந்துசேரக்கூடிய தூரமாயின் குஞ்சே மேல். அதற்கு மேற்பட்ட தூரத்துக்கு முட்டையே தகுந்தது. குஞ்சு வழியில் பட்டினி கிடந்து சாவதைக் காட்டிலும் முட்டை கெடுவது சிறிய துன்பம்.

பெட்டி வந்த அன்று

பெட்டி வந்ததும் நிழலில் வைத்துத் திறக்கவேண்டும். குளிரூட்டிய வண்டியில் வந்திருப்பின், பெட்டியும் வீட்டின் வெப்பமும் ஒத்துவரும்வரை திறவாதிருப்பது நல்லது. இல்லையேல் முட்டைமேல் வியர்வைபோல் நீர் கோக்கும். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. நனைந்த ஓட்டின் வழியே அழுக்கும் கிருமியும் உள்ளே புகும். அதே காரணத்தால் முட்டைகளைக் கழுவுதலும் கூடாது. ஒட்டியிருக்கும் அழுக்கை உலர்ந்த துணியால் மெல்லத் துடைத்தால் போதும்.

பின்பு இருட்டறையில், அட்டையில் சிறு துவாரமிட்டு அதன் பின்னால் விளக்கையோ டார்ச்சையோ பிடித்து ஒவ்வொரு முட்டையையும் பார்க்கவேண்டும். மயிரிழை போன்ற கீறல் உள்ளவை புலப்படும். அவற்றை நீக்கிவிடுதல் வேண்டும். பருத்த முனையில் காற்றறை தெரியும். முட்டையை மெதுவாகச் சாய்க்கும்பொழுது அக்காற்றறை இடம் மாறாதிருந்தால் நலம். குமிழிபோல் அங்குமிங்கும் நகருமாயின், வழியில் பட்ட அதிர்ச்சியால் உட்சவ்வு பெயர்ந்திருக்கிறது என்று அறியலாம். அவ்வகை முட்டை முற்றிலும் வீணென்று எறிந்துவிடலாகாது. ஆனால் தனியே குறியிட்டு அதிகச் சிரத்தை எடுக்கவேண்டும்.

இனிச் சொல்லப்போவதே எல்லாவற்றிலும் முக்கியமானது. வந்த முட்டைகளை அன்றிரவே அடைவைக்கக்கூடாது. பருத்த முனை மேலாக நிறுத்தி, குளிர்ந்த இடத்தில் ஒரு நாள் முழுதும் அசையாமல் வைக்கவேண்டும். குறைந்தது பன்னிரண்டு மணி நேரமாவது இந்த இளைப்பாறுதல் அவசியம். நெடுந்தூரம் குலுங்கி வந்த மஞ்சட்கருவும் காற்றறையும் தம்மிடத்தில் நிலைகொள்ள இக்காலம் வேண்டும். ஈரமணலில் பாதி புதைத்த மட்பானைக்குள் உமி பரப்பி முட்டைகளை வைத்து, வாயைத் துணியால் கட்டிவிட்டால் போதிய குளிர்ச்சி கிடைக்கும். பானைக்குள் ஈரம் இறங்காமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் கடுங்குளிர் இதற்கு ஆகாது.

முட்டை வைக்கும் கூடையில் இடிக்குக் காவலாக இரும்புத் துண்டும் கரியும் போட்டுவைப்பது கிராமத்து வழக்கம். அவற்றால் தீங்கொன்றுமில்லை. ஆயினும் பார்ஸல் முட்டையைக் கெடுத்தது இடியன்று, வழியின் குலுக்கலும் வெப்பமுமே. அதற்குப் பரிகாரம் இரும்பிலில்லை, ஒரு நாள் பொறுமையில் இருக்கிறது.

அடைக்கோழி

பார்ஸல் முட்டைக்கு ஊர்ப் பெட்டையைக் காட்டிலும் சிறந்த செவிலி கிடையாது. வெள்ளை லெகார்ன் போன்ற முட்டையிடும் ஜாதிகள் அடைகாக்கும் குணத்தையே பெரும்பாலும் இழந்தவை. சிறுவிடை முதலிய நாட்டுப் பெட்டைகளிடம் அக்குணம் குறையாமல் இருக்கிறது. புதிய ஜாதி வந்ததென்று நாட்டுப் பெட்டைகளை விற்றுவிடுகிறவர், தொட்டிலை விற்றுவிட்டுக் குழந்தைக்குக் காத்திருப்பவரை ஒப்பர்.

பெட்டி வருமுன்பே கோழி ஆயத்தமாயிருத்தல் வேண்டும். அடைபடுத்த பெட்டையைக் கூமுட்டைகளின்மேல் இரண்டு மூன்று நாள் உட்காரவைத்து, அது நிலையாக உட்காருகிறதா என்று பார்க்கவேண்டும். செள்ளும் பேனும் இருப்பின் சாம்பல் புரளவிட்டு நீக்கவேண்டும். கூடையின் அடியில் மணலும் சாம்பலும் கலந்து பரப்பி மேலே வைக்கோல் இடவேண்டும். சிறிய பெட்டைக்குப் பெரிய ஜாதி முட்டைகள் எட்டு அல்லது ஒன்பதுக்குமேல் வைத்தால் ஓரத்து முட்டைகள் குளிர்ந்துபோகும். இளைப்பாறிய முட்டைகளை மறுநாள் இரவில், எல்லாவற்றையும் ஒருசேரக் கோழியின் கீழ் வைக்கவேண்டும். தினந்தோறும் ஒருமுறை தீனிக்கும் நீருக்கும் கோழி கால் மணி நேரம் எழுந்து போவது இயல்பு. அதனால் முட்டை கெடாது. முட்டைகளைப் புரட்டும் வேலையையும் கோழியே செய்துகொள்ளும்.

பொரிப்புப் பெட்டி

சில சங்கங்களில் மின்சாரப் பொரிப்புப் பெட்டி இருக்கக்கூடும். அதனை முட்டை வைக்குமுன் ஒரு நாள் முழுதும் ஓட்டி, சூடு நிலைத்த பின்னரே உபயோகிக்கவேண்டும். விசிறியுள்ள பெட்டிக்குப் பாரன்ஹீட் 99½ டிகிரியும் (செல்ஷியஸ் 37½), விசிறியில்லாத பெட்டிக்கு முட்டையின் மேல்மட்டத்தில் 101 முதல் 102 டிகிரியும் தகுந்த சூடாகும். காற்றின் ஈரம் முதல் பதினெட்டு நாட்களுக்கு நூற்றுக்கு 50 முதல் 55 வரையும், கடைசி மூன்று நாட்களுக்கு 65 முதல் 70 வரையும் இருத்தல் வேண்டும். மின்சாரம் நின்றால் பெட்டியைத் திறவாமல் கம்பளியால் மூடிவிடவேண்டும். சிறிது நேரக் குளிர்ச்சியைக் கரு தாங்கும். அதிகச் சூட்டையோ சிறிது நேரமும் தாங்காது.

முட்டையின் ஒரு பக்கத்தில் பெருக்கற்குறியும் மறுபக்கத்தில் வட்டமும் பென்சிலால் இட்டு, நாளொன்றுக்கு மூன்று அல்லது ஐந்து தடவை புரட்டவேண்டும். ஒற்றைப்படை எண் ஏனெனில், அப்பொழுதுதான் ஒவ்வோர் இரவும் வெவ்வேறு பக்கம் மேலே இருக்கும். காற்றறை நகரும் முட்டைகளை மட்டும் முதல் இரண்டு மூன்று நாள் புரட்டாமல் பருத்த முனை மேலாக நிறுத்தி, பின்னர் மெல்லச் சாய்த்துவருதல் வேண்டும். பதினெட்டாம் நாள் முதல் எந்த முட்டையையும் புரட்டலாகாது.

ஏழாம் நாள் விளக்கில் பார்த்தால், உயிருள்ள முட்டையில் சிலந்தி கால் விரித்தாற்போல் இரத்தநாளங்கள் தெரியும். ஒன்றும் தெரியாதது வெறுமுட்டை. இரத்தம் வளையம்போல் சுற்றி நிற்பது, கரு சில நாள் வளர்ந்து மடிந்ததற்கு அடையாளம். இவ்விரண்டையும் எண்ணிக் குறித்துக்கொண்டு நீக்கிவிடவேண்டும்.

பிரயாணம் செய்த முட்டை சில சமயம் ஒரு நாள் தாமதித்தும் பொரிக்கும். இருபத்தோராம் நாள் மாலையே எறிந்துவிடாமல், இருபத்துமூன்றாம் நாள்வரை காத்திருத்தல் வேண்டும். ஓட்டில் மூக்குப்பட்ட குஞ்சு வெளிவர ஒரு நாட்பொழுதும் ஆகலாம். இரக்கத்தால் ஓட்டை உரித்துவிடுகிறவர், இரத்தம் வற்றாத நாளங்களை அறுத்துக் குஞ்சைக் கொன்றுவிடுகிறார்.

குற்றம் யாருடையது

முதலில் சொன்ன வழக்குக்கு இப்பொழுது வருவோமாயின், அனுப்பியவர், வழி, அடைவைத்தவர் ஆகிய மூவரில் குற்றம் யாருடையது என்று தீர்மானிப்பது எவ்வாறு? அதற்குச் செலவில்லாத உபாயம் ஒன்றுண்டு. பார்ஸல் முட்டைகளை வைக்கும் அதே இரவில், அதே கோழியின் கீழோ அதே பெட்டியிலோ, சேவலுடன் திரியும் ஊர்க் கோழிகள் மூன்று நான்கு நாட்களுக்குள் இட்ட முட்டைகள் இரண்டு மூன்றையும் குறியிட்டு வைக்கவேண்டும். ஊர் முட்டைகளும் பொரியாவிடின் குற்றம் கோழியிடமோ பெட்டியிடமோ இருக்கிறது. ஊர் முட்டைகள் பொரித்துப் பார்ஸல் முட்டைகள் பொரியாவிடின் குற்றம் முட்டையிலோ வழியிலோ இருக்கிறது. சாட்சி சொல்ல இம்மூன்று முட்டைகளுக்கு மேற்பட்டவர் வேறு எவருமில்லை.

பொரியாத முட்டைகளையும் புதைக்குமுன் ஒவ்வொன்றாக உடைத்துப் பார்க்கவேண்டும். பெரும்பாலானவை வெறுமுட்டையாயிருந்தால், சேவல் குறைவோ, பழைய முட்டையோ, வழியில் பட்ட கேடோ காரணமாகலாம். முதல் சில நாட்களில் மடிந்தவை பலவாயின், வழியின் வெப்பத்தையும் குலுக்கலையும், அடையின் ஆரம்பச் சூட்டையும் ஐயுறவேண்டும். முழுக் குஞ்சாக வளர்ந்து ஓட்டுக்குள்ளேயே மடிந்தவை பலவாயின், சூடு, ஈரம், புரட்டுதல் ஆகியவற்றில் அடைவைத்தவரின் தவறையே முதலில் தேடவேண்டும். ஒரு முட்டையைக் கொண்டு ஒருவரைக் குற்றவாளியாக்கக் கூடாது; முழுப் பெட்டியின் கணக்கைக் கொண்டே பேசவேண்டும். இக்கணக்கோடு எழுதும் கடிதத்தை அனுப்பியவரும் அலட்சியம் செய்யார்.

சங்கம் செய்யக்கூடியது

இவ்வளவு சிரத்தை எடுத்தும், பிரயாண முட்டையில் பாதி பொரிந்தால் அதைத் திருப்தியான பலனென்றே கொள்ளவேண்டும். சில பெட்டியில் ஒன்றும் பொரியாது. இதனை முன்னதாகவே கணக்கில் வைக்காதவர் ஏமாற்றமடைவர். உதாரணமாக, முட்டையொன்று 40 ரூபாய் வீதம் 24 முட்டைக்கு 960 ரூபாயும், கட்டுக்கூலி, வண்டிக்கூலி 240 ரூபாயும் ஆக 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு பொரிந்தால் குஞ்சொன்றின் அடக்கம் 100 ரூபாய். அவற்றில் பாதி சேவலாகப் போகுமாதலால், தீனிச் செலவு சேர்க்குமுன்பே பெட்டையொன்று 200 ரூபாயாகிறது. ஆறே பொரிந்தால் பெட்டைகள் மூன்றுதான். ஒரே ஒரு கோழியும் ஒரு மாதக் கூலியின் மிச்சமும் மட்டுமே உடையவர், இந்தச் சூதாட்டத்தில் தனியே இறங்குதல் தகாது.

இங்கேதான் சங்கத்தின் உதவி வேண்டும். கோழித் தொழிலைச் சங்கமாகச் சேர்ந்து நடத்துவது தமிழருக்குப் புதிதன்று. மார்த்தாண்டம் அந்நாளில் திருவாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. 1920-களிலும் 1930-களிலும் அங்கே ஒய்.எம்.ஸி.ஏ. கிராம புனருத்தாரண நிலையத்தை டாக்டர் ஸ்பென்ஸர் ஹாட்ச் நடத்திவந்தபொழுது, சுற்றுப்புறத்துக் குடியானவர்கள் முட்டை விற்பனைக்குக் கூட்டுறவு முறையைக் கைக்கொண்டனர். தனித்தனி வீட்டின் சில முட்டைகளுக்குச் சந்தையில் மதிப்பில்லை. சேர்ந்த முட்டைகளுக்கு மதிப்புண்டு என்பதே அதன் அடிப்படை. விற்பனைக்குப் பொருந்திய அவ்வுண்மை, முட்டை தருவிப்பதற்கும் பொருந்தும்.

சங்கம் ஒரு பெட்டியைத் தன் பெயரில் தருவித்து, ஆயத்தமான அடைக்கோழி உள்ள மூன்று அங்கத்தினர்களுக்கு எட்டெட்டு முட்டையாகப் பங்கிட்டு, ஒரே இரவில் அடைவைக்கச் செய்யலாம். ஒரு கோழி அடையை விட்டு எழுந்துவிட்டால், அதன் முட்டைகளை மற்ற இரண்டின் கீழும் கூடியமட்டும் சேர்க்கலாம். குஞ்சுகள் குறைவாகப் பொரித்தால் இரவில் ஒரே தாயின் கீழ் ஒன்றுசேர்க்கலாம். வந்த தேதி, உடைந்தவை, ஏழாம் நாள் நீக்கியவை, பொரித்தவை, பொரியாதவற்றை உடைத்துக் கண்டது ஆகியவற்றைச் சங்கத்துப் புத்தகத்தில் எழுதிவைக்கவேண்டும். குஞ்சுகளை ஊர்க் கோழிகளுடன் உடனே கலவாமல் சில வாரம் தனியே வளர்த்து, வெள்ளைக்கழிச்சல் என்னும் ராணிக்கெட் நோய்க்கு முதல் வாரத்திலேயே கால்நடை மருத்துவரைக் கொண்டு தடுப்பு மருந்து இடுவித்தல் வேண்டும்.

முட்டையின் விலையை அங்கத்தினரிடம் பணமாக வசூலித்தல் அவசியமில்லை. எட்டு முட்டை பெற்றவர், தம் பெட்டைகள் பருவமடைந்து இடும்பொழுது பன்னிரண்டு கருக்கூடிய முட்டைகளை அடுத்த அங்கத்தினருக்குக் கொடுத்துக் கடனைத் தீர்க்கலாம். ஒன்றும் பொரியாதவருக்கு அக்கடன் தள்ளுபடியாகி, அடுத்த முறையில் அவர் பெயரே முதலில் வரவேண்டும். கோழியைக் காப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்மணிகளே யாதலால், பங்கும் கடனும் அவர்கள் பெயரிலேயே எழுதப்படுதல் நியாயம்.

இவ்வாறு செய்தால், இரண்டாம் தலைமுறை முட்டைக்குத் தபாலும் வேண்டாம், வண்டிக்கூலியும் வேண்டாம். அது தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஒரு பெண்மணியின் மடியில் பிரயாணம் செய்யும்; குலுங்காது, வெதும்பாது, பழசாகாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உறவுக்கலப்பைத் தவிர்க்க வேறொரு மந்தையிலிருந்து சேவலோ ஒரு பெட்டி முட்டையோ தருவித்தால் போதும்.

ஆகவே வரும் கார்த்திகைக்கு முன் சங்கக் கூட்டத்தில் தீர்மானிக்கவேண்டியவை மூன்றே: எந்த ஜாதி, யாருடைய அடைக்கோழிகள், புத்தகம் எழுதுகிறவர் யார் என்பன. இம்மூன்றையும் தீர்த்துக்கொண்ட பின்பே பணம் அனுப்பப்படட்டும். பெட்டி வந்த அன்று ஒரு நாள் பொறுத்திருப்பது மட்டும் எவர் மனத்தினின்றும் அகலாதிருக்கட்டும்.